அவர் பெயரில் நான் பார்த்த வேலை

பதினோரு வருடம் நான் இன்னொருவர் பெயரில் வேலை பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் அதை எடுத்தாண்டது போதும்.

சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்குக் கரி கொண்டுபோகும் பெல்ட்டின் அடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவதுதான் வேலை. பக்கத்திலேயே பர்மனென்ட் ஆள் நிற்பார். இருவர் மூக்கிலும் ஏறுவது ஒரே தூசுதான். அவருக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, வயதான பிறகு ஒரு தொகை. எனக்கு நாள் கூலி. வராத நாளுக்கு அதுவும் கிடையாது.

உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். புதிதாக வாங்க போலீஸ் விசாரணை, கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எங்கள் கான்ட்ராக்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் நின்றுபோனாலும் பாஸை நிறுத்த மாட்டார். வேறு ஆளைப் போட்டு ஓட்டுவார்.

ஒரு ஆடிப்பெருக்கு அன்று விடிகாலையில் அவருடைய சூப்பர்வைசர் என் கையில் ஒரு பாஸைத் திணித்தார். "இந்த ஆளு ஊருக்குப் போயிட்டாரு. ஹெல்மெட்ட போட்டா நீயும் அவரும் ஒண்ணுதான். பேர சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேளு, போதும்."

போட்டோவில் என்னைப் போலவே மீசை வைத்த ஒருவர். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது, கையில் வேலை இல்லை. முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் உள்ளே போய்விட்டேன்.

பாஸில் இருந்தவரைத் தெரியாத வேறு பெல்ட்டில்தான் என்னைப் போட்டார்கள். அங்கே எல்லாருக்கும் நான் அவர்தான். வேலை முடிந்து வடக்குத்து ரோட்டில் ஒரு அக்கா நடத்தும் இட்லிக்கடையில் கும்பலாகச் சாப்பிடுவோம். இரண்டு மாதம் கழித்து, கூட வேலை செய்தவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இந்த அக்காவோட வூட்டுக்காரர் பேரும் ஒம் பேருதான்யா. மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டா இருந்தாராம். மஞ்சக்காமாலையில போயிட்டாரு."

குனிந்து பாஸைப் பார்த்தேன். என் கழுத்தில் அவருடைய போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா அதை எப்போதோ பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் என்னிடம் மட்டும் தினமும் கேட்பார், "நாளைக்கு எந்த ஷிப்டு?" வேறு யாரிடமும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் சரியாக இல்லை. வீட்டில் மனைவி என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டால் மூன்றாவது தடவை திரும்புவேன். லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூட கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பேன். கைரேகை மெஷின் வந்தபோது மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன், கொஞ்சம் ஆசையும்கூட. அவர் பெயருக்கு என் விரலைப் பதிந்துகொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

போன வருடம் கான்ட்ராக்ட் ஆட்களை பர்மனென்ட் ஆக்க சீனியாரிட்டி லிஸ்ட் வந்தது. அவர் பெயர் ஏழாவதாக இருந்தது. "அந்தம்மாகிட்ட போயி பேப்பருங்கள வாங்கிகினு வா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் சூப்பர்வைசர். மகள் நாலாவது படிக்கிறாள், வாடகை வீடு, எனக்கு முதுகு போய்விட்டது. வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பர்மனென்ட் லிஸ்ட்டா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாங்க்கா."

"எத்தினாவது?"

"ஏழாவது."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. எல்லாம் இதுலதான் இருக்குது, எடுத்துகினு போ."

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு நகல், பள்ளிக்கூட சர்டிபிகேட், அவற்றுக்கு அடியில் இறப்புச் சான்றிதழ். தேதியைப் பார்த்தேன். அதே ஆடிப்பெருக்கு. நான் சங்கு ஊத உள்ளே போனபோது அவரை வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். அவர் செத்த அன்றும் வேலைக்கு வந்ததாகத்தான் பதிவேட்டில் இருக்கும்.

சரிபார்ப்பு அன்று மனைவி இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து அனுப்பினாள். அதிகாரி பட்டியலைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிட்டார். "வந்திருக்கேங்க" என்று சொன்னால் போதும். எழுந்து நின்று, "அவர் இறந்துட்டாருங்க" என்றேன். அதிகாரி சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு எட்டாவது பெயரைக் கூப்பிட்டார். வாசலில் நின்ற சூப்பர்வைசர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி பாஸைக் கழற்றிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் கடைக்குத்தான் போனேன். நல்ல காரியம் செய்தாய் என்று அந்த அக்கா ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். கவரைத் திருப்பிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பேர அடிச்சுட்டாங்களா?"

"அடிச்சுட்டாங்கக்கா."

"சாவற வரைக்கும் பதினாறு வருஷமா அந்த லிஸ்ட்டுக்குத்தான் காத்துகினு இருந்தாரு" என்றார். "ஆளுதான் போயிட்டாரு, பேராவது பர்மனென்ட் ஆவட்டும்னுதான் கவர எடுத்துக் குடுத்தேன். அதையும் சாவடிச்சுட்டு வந்து நிக்கிறியே தம்பி."