மங்கம்மாள் ஆணியடித்த முகங்கள்

ஜவ்வாது மலைமேல் ஒரு அரசு அலுவலகத்தில் மங்கம்மாள் பதினோரு வருடமாகத் தற்காலிகமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். எந்த அலுவலகம் என்று சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். புருஷன் சின்னராசுவுக்கு இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை.

குப்பையை எரிக்கக் கூடாது, வண்டி வந்து எடுத்துப்போகும் என்று ஒரு உத்தரவு வந்தது. அதில் முதல் பாதி மட்டும் அமலுக்கு வந்தது. பின்பக்கக் கொட்டகையில் மூட்டைகள் சேர்ந்தன.

மேசைக்கடியில் இருக்கும் கூடைகளைத் தினமும் கொட்டுகிறவளுக்கு மேசைக்காரர்களைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கும்? கண்காணிப்பாளர் வெற்றிச்செல்வன் மூன்று வேளையும் சாமைச் சோறுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கூடையில் பரோட்டா பார்சல் காகிதம் கிடக்கும். தலைமுடி கறுத்திருப்பது மலைக்காற்றால் என்பார். மலைக்காற்றைப் பொட்டலம் கட்டியும் விற்கிறார்கள் என்று மங்கம்மாளுக்குக் கூடையைக் கொட்டும்போதுதான் தெரிந்தது.

ஒரு மழை நாளில் வேலை ஒன்றும் இல்லை. கழற்றிப் போட்ட பழைய கதவைச் சுவரில் சாய்த்து, மூட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆணியடித்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாயு மாத்திரை அட்டைகள் கன்னமாயின. சாயம் தடவும் பிரஷ் மீசை. அறுந்த மவுஸ் வயர் தலைமுடி. வாய்க்கு 'அவசரம்' என்ற ரப்பர் ஸ்டாம்ப். அது ஒருநாளும் மை படாமலே காய்ந்து வெடித்திருந்தது. நான்கு நாளில் வெற்றிச்செல்வன் கதவில் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் நாற்காலியில்கூட அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை.

ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் கிளார்க் காஷிஃபாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? வேல போய்டும்."

"வேலையே இன்னும் தர்லியே மேடம், எப்டி போவும்?"

அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி கொட்டகையையும் எட்டிப் பார்த்தார். கதவின் முன் நின்று சிரித்தார்.

"நல்லா இருக்கே. யாரு இது?"

வெற்றிச்செல்வனே முந்திக்கொண்டு சொன்னார்: "பொதுமக்கள்ல ஒருத்தருங்க சார்."

"முன் ஹால்ல வைங்க."

அன்று முதல் வெற்றிச்செல்வன் தன் முகத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தார். மனு கொண்டுவந்தவர்கள் கதவைப் பார்த்து, அவரைப் பார்த்து, சட்டென்று தங்கள் மனுவை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார்கள்.

கூடைகள் காலியாயின. எல்லோரும் தங்கள் குப்பையைப் பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மாவட்டத்திலேயே தூய்மையான அலுவலகம் என்று சான்றிதழ் வந்தது. அதை வாங்கிக்கொண்டு வெற்றிச்செல்வன் தன் முயற்சிகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். முடிந்ததும் மங்கம்மாள் நாற்காலிகளை அடுக்கினாள்.

இரண்டு மாதம் அவள் சுத்தியலைத் தொடவில்லை. "ஒண்ணுமே இல்லாத எடத்த கூட்றது கஷ்டமா கீது" என்று சின்னராசுவிடம் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

பிறகு குப்பை திரும்பி வந்தது. தங்கள் முகத்தையும் அடிக்கச் சொல்லி, கழுவித் துடைத்து, பெயர் எழுதிய கவரில் வந்தது. ஒருவர் வெளிநாட்டு சென்ட் பாட்டில் வைத்தார். செய்தித்தாளே படிக்காத கிளார்க் அருள்மணி மூன்று மூக்குக்கண்ணாடி வைத்தார். வெற்றிச்செல்வன் ஒரு காலிச் சாக்கைத் தானே கொண்டுவந்து நீட்டினார்.

"சாமை சாக்கு மங்கம்மா. அந்தக் கன்னத்த மட்டும் மாத்திடு."

"இது எங்க வூட்டு சாக்குங்க சார். பொங்கலுக்கு நாங்கதான் குட்தோம். உள்ள இருந்த சாமைய இன்னா பண்ணீங்க?"

அவருக்கு மீட்டிங் இருப்பது ஞாபகம் வந்தது.

காஷிஃபா மட்டும் நிஜமான குப்பையைக் கொண்டுவந்தாள். ஆறு வருடம் எழுதிக் கசக்கிய இடமாற்ற மனுக்கள், பஸ் டிக்கெட்டுகள், பஸ்ஸுக்கு ஓடி அறுந்த செருப்பு வார். "இருக்கறத இருக்கற மாதிரியே பண்ணுக்கா" என்றாள்.

மங்கம்மாள் ஒரு வாரம் உழைத்தாள். டிக்கெட்டுகளை மடித்து வைத்த இமைகளுக்குக் கீழே தூக்கம் கெட்ட கண்கள் அப்படியே வந்திருந்தன. காஷிஃபா அதன் எதிரே போய் நின்று பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மங்கம்மாளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எல்லாம் கரெக்டா இருக்குதுக்கா" என்றாள் காஷிஃபா. "மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கலாம்."