ஒரு கட்டை கூடுதலாக

பெருமாள்மலையில் என்னைப் பாட்டுக்காரம்மா என்பார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை; எனக்கென்று சொந்தமாக ஒரு பாட்டும் கிடையாது. ஒரு பெரிய பாடகி சினிமாவில் பாடியதைத்தான் முப்பது வருஷமாகக் கோயில் திருவிழா மேடைகளில் பாடிவருகிறேன். அவருக்கு நாடெங்கும் விருதுகள். எனக்குப் பக்கத்து ஊரான பேத்துப்பாறையில் ஒரு பொன்னாடை, அதுவும் முந்தின வருஷம் பஞ்சாயத்துத் தலைவருக்குப் போர்த்தியது.

அவர் காலமானதும் கொடைக்கானலில் அஞ்சலிக் கச்சேரி வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர் பாடிய ஒரு தாலாட்டின் உச்சியை இரண்டு வருஷமாக என் குரல் எட்டவில்லை. அந்த இடம் வந்தால் இருமிச் சமாளிப்பேன். குளிர் ஊர், யாரும் சந்தேகப்படவில்லை. இந்தக் கச்சேரியோடு மேடைக்கு முழுக்கு என்று என் கணவரிடம் மட்டும் சொன்னேன். “அந்தம்மா எழுவது வயசுலயும் பாடுனாங்க” என்றார். ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒத்திகைக்குத் திண்டுக்கல்லிலிருந்து புதிதாக வந்த கீபோர்டுக்காரர், நான் பாடியதைக் கேட்டுவிட்டுச் செல்போனில் அசல் பாட்டைப் போட்டுப் பார்த்தார்.

“அக்கா, நீங்க ஒரு கட்டை ஏத்திப் பாடுறீங்க. அவங்களே அவ்வளவு ஒசரத்துல பாடலையே.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பாட்டெல்லாம் நான் படித்தது, அவர் பஜாரில் பழையதாக வாங்கிவந்த டேப்ரிக்கார்டரில். அதன் மோட்டாரும் அவரைப் போலவே அவசரக்காரன். கேசட்டை வேகமாக ஓட்டிக் குரலையும் ஏற்றிவிட்டிருக்கிறது. அதே பாட்டு ரேடியோவில் இறங்கி ஒலித்தால், செல் தீர்ந்துவிட்டதென்று புதுச் செல் வாங்கிப் போட்டவர்கள் நாங்கள்.

அஞ்சலியன்று அந்தப் பாடகியின் சுருதியிலேயே பாடினேன். உச்சி தானாக வந்தது. இல்லாத படிக்குக் காலைத் தூக்கியதுபோல் இருந்தது. அழுதுவிட்டேன்.

மேடையைவிட்டு இறங்கியதும் பேத்துப்பாறைப் பெண்ணொருத்தி கவலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா? இன்னைக்குப் பாட்டு எறங்கிக் கெடந்துச்சே. நம்ம பாட்டு மாதிரியே இல்ல.”

நம்ம பாட்டு என்றாள். எந்தப் பொன்னாடையும் என் குளிரை அப்படிப் போக்கியதில்லை. வருகிற திருவிழாவில் பழையபடி ஏற்றிப் பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

குரல் எட்டாவிட்டால் என்ன, இருமல் கைவசம் இருக்கிறது.