தவலை வெந்நீர்

திருத்தணி மலையடிவாரம், நடுப்பகல். மொட்டையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடிக்கிறது. படிகளில் நான் இறங்கவில்லை, சூட்டில் குதித்தே வந்திருக்கிறேன். தெருவோரத்தில் ஒரு தவலை நிறையத் தண்ணீர்! பக்தர்களுக்கு யாரோ புண்ணியவான் வைத்தது என்று நானே முடிவுசெய்து, தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்கிறேன். ஐயோ, வெந்நீர்!

அலறல் கேட்டு எதிர்வீட்டுப் பெண் ஓடிவருகிறாள்.

"இன்னா நைனா இது! தங்கச்சி கொழந்தைய குளிப்பாட்ட காலையிலேர்ந்து வெயில்ல வெச்சிகினு கீறேன். இந்த யுத்த காலத்துல வெறகு கெடைக்குதா?"

"தண்ணிப் பந்தல்னு நெனச்சேம்மா."

"பந்தல் எங்க கீது?"

பந்தல் இல்லைதான். கிணற்றில் இறைத்து, தவலையை நிரப்பி, அதே இடத்தில் வைக்கிறேன். சுடும்வரை காவலும் நானே. நிமிஷத்துக்கொரு தடவை விரலை விடுகிறேன், பச்சைத் தண்ணீர்.

"வெரல வுட்டுகினே இருந்தா வெயில் எப்டிங்க வேல செய்யும்?" என்கிறாள்.

உள்ளே குழந்தை சிணுங்குகிறது. ஸ்டேஷன் பக்கம் என் ரயில் ஊதுகிறது. எழுகிறேன், தவலையைப் பார்த்து உட்காருகிறேன். விடிந்ததிலிருந்து வெயிலைத் திட்டித் தீர்த்தவன், இப்போது மலைமேல் தலைகாட்டும் ஒரு துண்டு மேகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.