யாரிடம் சொன்ன ‘வாரேன்’?

பினாங்குக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் பழகவில்லை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால், எதிர்வீட்டு மலாய்க்காரி மக் ஜா சிரித்த முகத்தோடு கேட்பாள்: “நாக் பெர்கி மானா?” எங்கே போகிறாய் என்று அர்த்தம். நம் தென்காசியில் கிளம்புகிறவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? முதல் வருஷம் முழுக்க நான் திரும்ப வீட்டுக்குள் போய், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்பினேன். நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்து மக் ஜாவும் வாசலிலேயே காத்திருந்து, மறுபடியும் அதையே கேட்பாள். இங்கே அது நம் வணக்கம் மாதிரிதான் என்று என் வீட்டுக்காரர் விளக்கிய பிறகு தண்ணீர் குடிப்பதை விட்டேன். எரிச்சலை விடவில்லை.

கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல நம்மவர்களுக்கு நாக்கு வராது. கப்பலேறப் போகிறவளும் ‘வாரேன்’ என்றுதான் சொல்வாள். தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அம்மாவிடம் நானும் அதைத்தான் சொன்னேன். இந்த ஒரு சொல் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுக்கப் பார்த்தது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. சில துரைமார் இன்னும் நாற்காலியை விடாமல் இருந்தார்கள். நான் அப்போது பெண்கள் காப்பகம் ஒன்றில் மேற்பார்வை வேலையில் இருந்தேன். ஒரு நாள் மாரியம்மன் கோயில் பூக்காரி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பெயர் இசக்கி, ஊர் மேலகரம் என்று அவள் சொன்னதும் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம் அது. இசக்கியின் அம்மா சாரல் சீசனில் குற்றாலத்து பங்களா ஒன்றில் சமையல் செய்கிறவள். அங்கே குளிக்க வந்து தங்கிய ஒருவன், பினாங்கில் குழந்தை பார்க்கிற ஆயா வேலை இருக்கிறது என்றிருக்கிறான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் பினாங்கில் இருப்பார். அதனால் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. அவனுக்கு அந்த நம்பிக்கையே போதுமாக இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது காகிதத்தில் அவளைத் தன் மனைவி என்று எழுதிவிட்டான். இங்கே கொண்டுவந்து அவளை விட்ட வீடு எப்படிப்பட்டது என்று நான் விரிக்க வேண்டியதில்லை. முதல் நாள் சாயங்காலமே அடுக்களை வழியாகத் தப்பிக் கோயிலுக்கு ஓடிவந்துவிட்டாள், கெட்டிக்காரி.

மறுநாளே அவன் வெள்ளைச் சட்டையும் கப்பல் காகிதமுமாக, எங்கள் காப்பகத்துக்கு மேலதிகாரியான துரை முன்னால் வந்து நின்றான். என் மனைவி, சம்மதத்தோடுதான் வந்தாள், கொடுத்துவிடுங்கள் என்றான். துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் இலக்கணத்துக்கு முன்னால் நம்மூர் வாத்தியார்கள் நிற்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று தாமே விசாரித்தார். விசாரணையில் ஒரு பெண் கூட இருக்க வேண்டும் என்பதால் நானும் இருந்தேன்.

“இந்த மனிதனோடு பேருந்தில் ஏறும்போது நீ என்ன சொன்னாய்?”

“வாரேன்னு சொன்னேன்” என்றாள் இசக்கி.

துரை தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். ‘அவனோடு வருகிறேன்’ என்று சம்மதித்திருக்கிறாள். சம்மதித்து வந்த மனைவியை அரசாங்கம் பிடித்து வைக்க முடியாது, சாயங்காலம் ஒப்படைக்க வேண்டியதுதான் என்றார். அந்த ஆளின் முகத்தில் வந்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எழுந்துவிட்டேன். “ஏட்டி, யாருகிட்ட சொன்ன?”

“எங்கம்மைகிட்டதான்க்கா. அம்மை கீழ நின்னா. பெறவு யாருகிட்டச் சொல்லுவேன்?”

துரைக்கு விளங்கவில்லை. அம்மாவை விட்டுப் போகிறவள் ‘போகிறேன்’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்டார். “போகும்போதுதான், துரை, நாங்கள் ‘வாரேன்’ என்போம்” என்றேன். “அப்படியானால் உண்மையிலேயே வரும்போது என்ன சொல்வீர்கள்?” என்றார். அப்போதும் ‘வாரேன்’தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. “பிழை என் காதிலா, உங்கள் மொழியிலா என்று அந்த ஊரிலேயே கேட்போம்” என்று தென்காசி போலீஸுக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். பதில் வரும்வரை பெண் எங்களிடம், வராவிட்டால் அவனிடம்.

இசக்கி சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். “அந்த ஆளுகூட அனுப்பிருவாகளாக்கா?”

“நான் இங்கன இருக்கவரைக்கும் அனுப்ப மாட்டாக. தின்னு ஏட்டி” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, தந்தி வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தென்காசி இன்ஸ்பெக்டர் யாரோ, நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும் அவர். தாமே மேலகரத்துக்குப் போயிருக்கிறார். மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றும், ‘வாரேன்’ என்று தன்னிடம் சொல்லிவிட்டுப் போனவளை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பதாகவும் இசக்கியின் அம்மா சொல்லியிருக்கிறாள். திரும்பி வருவதாகத் தாயிடம் சொல்லிச் சென்றாள் என்று பதில் வந்தது. அதோடு அவர் விடவில்லை. நாகப்பட்டினம் போலீஸுக்கும் சொல்லி, அடுத்த கப்பலுக்காக இன்னும் இரண்டு பெண்களோடு காத்திருந்த இவனுடைய கூட்டாளியைப் பிடிக்கவைத்தார். அந்தச் செய்தி வந்த அன்றே இங்கே இவன் கையில் விலங்கு ஏறியது. இரண்டு தேசம், மூன்று ஊர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அதிகாரிகள். கடலுக்கு அந்தப் பக்கம் கேட்க நாதியில்லை என்ற தைரியத்தில்தான் இந்தப் பயல்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். இரண்டு கரையும் பேசிக்கொண்டால் இவர்களுக்கு நிற்க இடம் கிடையாது. அதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

இசக்கியைக் கப்பலேற்ற நானும் துரையும் துறைமுகத்துக்குப் போனோம். ஏணியில் கால் வைத்தவள் திரும்பி, என்னை நேராகப் பார்த்து, “போறேங்க்கா” என்றாள். அந்தச் சொல்லை அத்தனை நிறைவாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. துரைக்கும் சந்தோஷம். ஒருவழியாக அகராதியில் உள்ளபடி ஒரு பெண் பேசிவிட்டாளே.

சில வருஷம் கழித்து நான் ஊருக்குக் கிளம்பியபோது மக் ஜா வழக்கம்போல “நாக் பெர்கி மானா?” என்றாள். “பாலிக் கம்போங்” என்றேன், சொந்த ஊருக்குத் திரும்புகிறேன் என்று. ஆனால் ஊரில் ஒரு மாதம் போவதற்குள், பினாங்கு வீட்டு மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளோ இல்லையோ என்று மக் ஜாவை நினைக்க ஆரம்பித்துவிட்டேன். பினாங்குக்குத் திரும்பப் புறப்படுகிற அன்று தென்காசி ஸ்டேஷனுக்கு இசக்கி புருஷனோடும் இடுப்பில் குழந்தையோடும் வந்திருந்தாள். என் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ரயில் அசைந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “வாரேன்” என்றேன்.

இசக்கி கூடவே நடந்து வந்தாள். துரையின் குரலைப் போலவே கனைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக் கேட்டாள். “யாருகிட்டக்கா சொல்லுதிய? எங்ககிட்டயா, அங்கன உள்ளவுககிட்டயா?”

ரயில் வேகமெடுத்துவிட்டது. நீட்டிய கையை உள்ளே இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.