எங்கள் நூலகர் பிலோமினாவின் சந்தேகம்

“டாக்டர்மா, நம்ம லைப்ரரி அம்மா பூட்டாங்க” என்று கன்னியம்மா போனில் சொன்னபோது எனக்கு உடனே அழுகை வரவில்லை. “யார் சொன்னது? நீ நேர்ல பாத்தியா?” என்று அதட்டினேன். கன்னியம்மா எங்கள் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். “நான் அவங்க ஊட்லதான் கீறேன், காட்டுப்பாக்கத்துல. கால்மாட்டுல நின்னுகினுதான் பேசறேன்” என்றாள். அதற்கு மேல் சந்தேகப்பட வழியில்லை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த எங்கள் மருத்துவமனையில் எண்பதுகளின் கடைசியில் பிலோமினா நூலகராகச் சேர்ந்தார். அதுவரை நூலகம் என்றால் நாங்கள் டிபன் பாக்ஸ் திறக்கிற அறை. வந்த வாரமே டிபன் பாக்ஸ்களை வெளியே துரத்தினார். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். “என்னையே சந்தேகப்படறீங்களா?” என்று நான் எகிறினேன். “உங்கள மட்டும் இல்ல டாக்டர், எல்லாரையும்தான்” என்றார், சிரிக்காமல். வெண்டைக்காயின் நுனியை உடைத்துப் பார்த்த பிறகும் கடைக்காரரை நம்பாத பெண்மணி அவர்.

நாங்களும் அவரை நம்பவில்லை. காரணம், செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸ். நூலகர் வார்டுக்கு வருவதை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா? எங்கள் பின்னால் நின்று, யாராவது ஒரு டாக்டர் “தெரியாது” என்று சொன்னால் மட்டும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். இரண்டு மூன்று நாளில் அதற்கு எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்து மேஜையில் வைப்பார். கன்னியம்மா என் காதைக் கடித்தாள்: “உஷாரா இரும்மா. பெரிய டாக்டராண்ட போட்டுக் குடுக்குது போலகீது.” எனக்கும் அதே எண்ணம்தான். விளைவு என்ன தெரியுமா? செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வாய்க்கு வந்ததை அளந்தோம். பிலோமினா வெற்றுச் சீட்டோடு திரும்பிப் போவார்.

மருந்துக் கம்பெனி ஆட்கள் தரும் வழவழப்பான தாள்களில்தான் அப்போது எங்கள் மேற்படிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அப்படி ஒரு தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். வரைபடத்தில் கோடு வானத்துக்கு ஏறியிருந்தது. “இது பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கவே இல்லையே டாக்டர். பாதியிலேருந்து வரைஞ்சா எது வேணும்னாலும் மலை மாதிரிதான் தெரியும்” என்றார். நான் அதே தாளை ஒரு வாரமாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்திருந்தேன். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் ஒற்றரில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு லேசாகப் பட்டது. ஒற்றராக இருந்தால் இதைப் பெரிய டாக்டரிடம் அல்லவா போய்ச் சொல்லியிருப்பார்?

பிறகு வசந்தி வந்தாள். பருத்திப்பட்டுக்காரி, புருஷன் லேத் பட்டறையில் வேலை. முன்பு இரண்டு குழந்தைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, மூச்சு விட முடியாமல் போயிருந்தன. இதுவும் ஏழாம் மாதம், விட்டுவிட்டு வலி. ரவுண்ட்ஸில் அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “இதுவாச்சும் தங்குமாம்மா?” என்றாள். என்னால் அளக்க முடியவில்லை. “இப்பவே பொறந்தா மூச்சுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிலோமினாவின் பென்சில் ஓடியது.

அன்றைக்கே ரயில் பிடித்து நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போய், சாயங்காலம் இரண்டு கட்டு ஜெராக்ஸோடு வந்து நின்றார். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று சொல்பவை ஒரு கட்டு. வேண்டாம், கிருமி தொற்றும் என்று பயப்படுபவை இன்னொரு கட்டு. “எதிர்க்கட்சி எதுக்குங்க?” என்றேன். “முதல் கட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதான் சந்தேகம் வந்து இன்னொண்ணும் தேடினேன்” என்றார். இரண்டையும் படித்தேன். பயப்பட்டவர்கள் பயத்தைச் சொன்னார்களே தவிர, எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பெரிய டாக்டர், “வெள்ளக்காரன் ஊர்ல சரி. நம்ம பொண்ணுங்களுக்கு ஒத்துக்குமா? உன் பொறுப்பும்மா” என்று ஒதுங்கிக்கொண்டார். வசந்தியின் புருஷன் என்னை மறித்து, “இன்னா ஊசிம்மா அது? எங்க ஊட்டுக்காரி மேல டெஸ்ட் பண்ணிப் பாக்குறீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். அவர் வசந்தியைப் பார்த்தார். அவள், “போடுங்கம்மா” என்றாள்.

வலி சில நாள் அடங்கி, பிறகு பிறந்தது. கைக்கடக்கமான பெண் குழந்தை. மூச்சு விட்டது. அழுதது. நான் லட்டு டப்பாவோடு நூலகத்துக்கு ஓடினேன். “உங்க ஜெராக்ஸ் காப்பாத்திடுச்சு!” பிலோமினா ஒரு லட்டை எடுத்துக்கொண்டார், பாராட்டை எடுத்துக்கொள்ளவில்லை. “ஊசி இல்லாமலும் பொழைச்சிருக்கலாம். ஒரு குழந்தைய வச்சு எதையும் நம்பாதீங்க டாக்டர்.” அடி பாவி, கொஞ்சம் சந்தோஷப்பட்டால்தான் என்ன என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அதே வருடம் பூந்தமல்லியிலிருந்து இன்னொருத்தி வந்தாள். அதே மாதக் கணக்கு, அதே ஊசி. அவள் குழந்தை பிறந்த மறுநாளே போய்விட்டது. பெரிய டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அது போதும். நான் நூலகத்துக்குப் போய் ஜெராக்ஸ் கட்டை மேஜையில் வீசினேன். “இனிமே இந்த ஊசியத் தொட மாட்டேன்.”

தன்னைத் திட்ட வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எழுந்து கதவைச் சாத்தினார். “அன்னிக்கு ஒரு குழந்தைய வச்சு நம்பினீங்க. இன்னிக்கு ஒரு குழந்தைய வச்சு நம்ப மாட்டேங்கறீங்க. ரெண்டும் ஒரே தப்புதான் டாக்டர்.” சொல்லிவிட்டுப் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அந்தக் குழந்தையை அவர் பார்த்ததுகூட இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அடுத்து வர்றவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

இதைப் படிக்கிற, அவருடன் வேலை பார்த்தவர்களே, நம்மில் பலர் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லியிருக்கிறோம். அந்த அறையில் அன்று நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்தவள் பட்டாபிராமிலிருந்து வந்தாள். சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போது என் கை நடுங்கியது. போட்டேன். பிலோமினாவின் சந்தேகத்திலிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடுக்கம்தான். ஓய்வு பெறும்வரை அது நிற்கவில்லை. ஊசியையும் நான் நிறுத்தவில்லை.