கை பம்பில் எரிந்த டெஸ்டர்

கீழ்வேளூர் பக்கம் எங்கள் தெருவில் குடிசைகளுக்கு இலவசமாக ஒற்றை பல்பு வந்து, அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கல் வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. என் மாமனார் மிராசுதாரோடு மல்லுக்கட்டி வாங்கிய மனைப்பட்டாவில் எங்கள் வீடு. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டோம். கொத்தனாரை விரட்டுவதிலிருந்து மணல் வண்டிக்காரரோடு சண்டை போடுவது வரை எல்லாம் என் தலையில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வேலை தடையில்லாமல் நடந்தது.

ஒற்றை பல்பு இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும் என்றால், லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் வயரிங்கைச் சோதித்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. டீக்கடைக்கே அப்படி ஒரு கான்ட்ராக்டர் வருவார். பணத்தை வாங்கிக்கொண்டு, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் நேரம், அவர் வெளியூரில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குடிபுகும் நாளோ நெருங்கிவிட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த வேறொரு கான்ட்ராக்டரைத் தேடிப் போனேன். முகத்தில் சிரிப்பென்பதே இல்லாத மனிதர்.

"பாக்காம போட மாட்டேன். வந்து பாக்கறதுக்கும் சேத்துதான் பணம்" என்றார்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வயரிங் செய்தது என் கொழுந்தனார். ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயர் இழுத்தவர். அதையும் இதையும் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அந்த மனிதர் மசியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் வந்தார். சுவிட்சு, பிளக்கு, ஃப்யூஸ் என்று ஒன்று விடாமல் பார்த்தார். கொழுந்தனார் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். கடைசியில், "எர்த் எங்க குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"பம்புல சார். இங்க எல்லா வீட்டுக்கும் அதுதான்" என்றார் கொழுந்தனார்.

எர்த் என்றால், சாமான்களில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் அனுப்பிவிடுகிற வயர். அதற்குத் தனியாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? தெருவே மறியல் செய்து வாங்கிய கை பம்பு வாசலில் நிற்கிறது. அதன் இரும்புக் குழாய் ஆழமாகத்தானே இறங்குகிறது என்று எல்லோரும் வயரைக் கொண்டுபோய் அதன் அடியில் சுற்றிப் புதைத்துவிடுவோம்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பம்பை வைத்துத் தெருவில் ஒரே கேலி. பக்கத்துக் குடிசைப் பெண், "பம்பு கையைக் கிள்ளுதுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பம்புக்கும் உன் மேல ஒரு இது போலருக்குடி" என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

கான்ட்ராக்டர் வாசலுக்கு வந்தபோது அவள் இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாகப் பம்படிக்கு வந்துகொண்டிருந்தாள். அவர் குனிந்து, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரைப் பம்பின் மேல் வைத்தார். அதற்குள் இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஏம்மா, அங்கேயே நில்லு. பம்புல கை வைக்காத" என்று அதட்டினார். அவள் கை ஏறக்குறைய பம்பின் பிடிக்கே வந்துவிட்டது. அப்படியே நின்றாள்.

எங்கள் வீட்டிலிருந்துதான் கசிகிறது என்று நினைத்தோம். கொழுந்தனார் ஓடிப்போய்ப் பழைய ஒற்றை பல்பு இணைப்பின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார். வீட்டில் பொட்டுக் கரண்ட் இல்லை. கான்ட்ராக்டர் பம்பில் மறுபடி டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வீட்டுக்குள் வந்து எங்கள் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் எரிந்தது. ஃப்யூஸ் கட்டை கொழுந்தனாரின் கையில் இருக்கிறது, கிரைண்டரில் கரண்ட் இருக்கிறது. என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். மூன்று வீடு தள்ளி, போன வாரம்தான் புது ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கியதும் பம்பில் விளக்கு அணைந்தது. அந்த வீட்டு ரிப்போர்ட்டில் எப்போதோ கையெழுத்து ஆகியிருந்தது. டீக்கடையில் போட்ட கையெழுத்து.

"கசிஞ்சாலும் மண்ணுக்குள்ள போயிருக்கணுமே. இந்தப் பம்புக்குக் கீழ என்ன குழாய்?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர். இரும்புக் குழாய் துருப்பிடித்து இற்றுப் போனதால், முந்தைய கோடையில் கீழே பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தோம். மேலே இரும்புத் தலை பழையபடியே நின்றதால் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. கரண்ட் மண்ணுக்குள் போக வழியில்லாமல் பம்பிலேயே தேங்கி நின்றிருக்கிறது. பம்பில் மட்டுமா, அதில் வயர் சுற்றிய எல்லா வீட்டுக்குள்ளும்.

"காஞ்ச கைக்குக் கிள்ளுது. ஈரக் காலோட நின்னு ரெண்டு கையாலயும் பிடிச்சா விடாது" என்றார் அவர்.

பக்கத்துக் குடிசைப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எங்க வீட்ல ஒத்த பல்புதானேக்கா" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக எர்த் குழி வெட்டும் வரை அவர் எங்களுக்குக் கையெழுத்துப் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. குடிபுகுவதைத் தள்ளிப்போட்டோம்.

அன்றைக்கு அவர் கேட்டதைக் கொடுத்தவுடன் வந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால், எவ்வளவு தங்கமான மனிதர் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.