பதினேழாம் நம்பருக்கு வைத்த பெயர்

கிபாலே காட்டில் குரங்குகளின் பின்னால் அலைந்து குறிப்பெழுதுவதுதான் பதினான்கு வருடமாகப் புசிங்கேயின் வேலை. குரங்குகளை நம்பர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் உத்தரவு. காலங்காத்தாலே எதிரே வந்து உட்காருகிற ஒருத்தியிடம், "பதினேழு, சுகமா?" என்று எந்த மானமுள்ளவன் கேட்பான்? செல்லப்பெயர் சொல்லாமல் நலம் விசாரித்தால் அவன் ஊரில் அது அவமரியாதை. ஊருக்கெல்லாம் சேர்த்து மொத்தமே பன்னிரண்டு செல்லப்பெயர்கள்தான்; யாரானாலும் அதில் ஒன்றுதான். அவனுக்கு அராலி, மனைவிக்கு அப்வோலி. அவற்றையே குரங்குகளுக்கும் பங்கிட்டுவிட்டான்.

ஒருநாள் மனைவி நோட்டைப் புரட்டினாள். 'அப்வோலி கன்னம் புடைக்க அத்திப்பழத்தை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனை அறைந்தாள்' என்று இருந்தது.

"ஏன்யா அராலி, குரங்குக்கு வைக்க என் பேருதான் கிடைச்சுதா? நடய்யா, அந்த மகராசிய நான் பாக்கணும்!"

அத்திமரத்தடியில் நின்று, மேலே கிளையில் இருந்த பதினேழாம் நம்பரை அவன் கைநீட்டிக் காட்டினான். மூக்கில் வெள்ளைப் பொட்டு, இரண்டு கன்னமும் பந்து. திட்டத்தான் அவள் வாயைத் திறந்தாள். பழக்கம் விடுமா?

"அப்வோலி, சுகமா இருக்கியா?" என்று வந்துவிட்டது.

குரங்கு அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கிளையில் நகர்ந்து, புசிங்கேயின் தலைக்கு நேர் மேலே வந்து, நிதானமாக மூத்திரம் பெய்தது.

அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"பேர மட்டும் மாத்திடாத அராலி! இத்தன வருஷமா நான் செய்யணும்னு நெனச்சத அவ செஞ்சுட்டா!"